அரை அடி உயரம்

என் பிக்கப்பை நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மைசூரில் ஒரு பட்டறையில் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்துத் தூக்கி, பெரிய டயர்களை மாட்டினேன். வண்டி அரை அடி உயர்ந்தது. விஜயநகரில் எங்கள் தெருவே வந்து பார்த்தது.

மறுநாள் காலை கிழங்கு ஏற்ற மார்டள்ளி கிராமத்துக்குப் போனேன். ஏழு வருடமாக எனக்கு மூட்டை ஏற்றுகிறவன் செல்வம். வண்டியின் பின்தட்டு உயரம் அவனுக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும்; முதுகில் சுமந்து வந்து, திரும்பி நின்று சாய்த்தால் போதும். அன்று அவன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வண்டி ஒசந்துருச்சுங்ண்ணா. நாந்தான் ஒசரலை."

நானும் சிரித்தேன். அவன் ஒவ்வொரு மூட்டையையும் எக்கி எக்கித் தள்ளியபோது, நான் முன்பக்கம் நின்று டயரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் செல்வம் கீழே கிடந்தான். மூட்டை அவன்மேல் கிடந்தது.

முதுகெலும்பு போய்விட்டது, இனி எழுந்து நடக்க மாட்டான் என்று மைசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொன்னார்.

அந்த வாரமே கட்டைகளைக் கழற்றிப் பழைய டயர்களை மாட்டினேன். கட்டிலருகே உட்கார்ந்து அதை அவனிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இனி எனக்குச் சரியா இருக்குமுங்ண்ணா."

ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லவேண்டியவன் நான்தான். இன்னும் சொல்லவில்லை.