செண்பகவல்லி அண்ணி வெட்டிக்கொடுத்த பாதி

சென்ற மாதம் ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணன் பேசினார். "உங்க அண்ணி போயிட்டாடா. காப்பி வேணும்னு கை காட்டுனா. போட்டுக் கொண்டாறதுக்குள்ள போயிட்டா. நீ வா."

துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தலத்தெருவில் இருக்கும் என் வீட்டிலிருந்து நெரவியில் அண்ணன் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போது என் மனதில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். இரண்டு வருடத்துக்கு முன் இது நடந்திருந்தால் செய்தி எனக்கு யாரோ மூன்றாம் மனிதர் மூலம் வந்திருக்கும். வாசலில் போட்ட நாற்காலி ஒன்றில் ஒதுங்கி உட்கார்ந்து, மாலையை வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பியிருப்பேன். இப்போது செய்தியை அண்ணனே சொன்னார். "நீ வா" என்று உரிமையோடு கூப்பிட்டார். அதற்குக் காரணமானவர் கூடத்தில் படுத்திருந்தார்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் எதையும் எளிதில் மறப்பவன் அல்ல. எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியை என்னைவிட இளையவருக்குக் கொடுத்தவர்களை மறக்கவில்லை. அன்று ஆறுதல் சொல்ல வருவதுபோல் வந்து என் முகத்தை வேடிக்கை பார்த்துவிட்டுப் போன சக ஆசிரியரையும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவன் எழுதும் அஞ்சலியில் புகழ்ச்சி குறைவாக இருக்கலாம். பொய் இருக்காது.

அண்ணி போலகத்துப் பெண். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நெரவி வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. சீரோடு ஒரு தையல் மெஷினும் வந்தது. வந்த முதல் வருடத்திலேயே வீட்டில் கிழிந்தது, சாயம் போனது, சுருங்கியது எல்லாம் காணாமல் போக ஆரம்பித்தன. அண்ணனின் வேட்டிகள் பாதி ஆயுளிலேயே மறைந்தன. அவற்றை வெட்டி, அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாகத் தைத்தார். காரைக்கால் வெயிலில் போர்வை யாருக்கு என்று தெருவே சிரித்தது. மார்கழியில் நாலு நாள் பனி விழும், அதற்கா இவ்வளவு பாடு என்று என் அம்மாவும் கேட்டார். கேட்ட அம்மாதான் அந்த மார்கழியில் முதல் போர்வையைத் தன் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வேலை செய்யும் விதம் வீட்டில் உள்ளவர்களுக்குப் பெரிய சோதனை. மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடம் முழுக்கத் துணித் துண்டுகளைப் பரப்புவார். பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். நாங்கள் சுவரோரமாக நடந்து போகவேண்டும். அண்ணன் வயலிலிருந்து வந்து சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்ட நாட்கள் உண்டு. அண்ணி நாற்காலிமேல் ஏறி நின்று, மேலிருந்து பார்ப்பார். இறங்குவார், ஒரு துண்டை இடம் மாற்றுவார், மறுபடி ஏறுவார். சில சமயம் மூன்று நாள்கூடத் துண்டுகள் தரையிலேயே கிடக்கும். ஒருமுறை நான், பச்சைக்குப் பக்கத்தில் இளம்பச்சை வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று சொன்னேன். "ஒத்துப்போற கலரப் பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டும் செத்துப்போயிடும் தம்பி. முட்டிக்கிட்டு நிக்கணும். அப்பத்தான் ரெண்டுமே கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

ஆட்களைப் பார்க்கும்போதும் அவர் கண் அவர்கள் உடுத்தியிருந்த துணியில்தான் இருக்கும். நான் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு விபூதி வாங்க நின்றேன். எல்லாரும் நல்லபடியாகப் போய்வரச் சொன்னார்கள். அண்ணி காலரைத் தொட்டுப் பார்த்து, "நல்ல நீலம். இது எப்பத் தம்பி கிழியும்?" என்று கேட்டார்.

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பம் ஒன்று காரைக்காலில் இருந்தது. அவர்கள் வீட்டு அம்மாள் ஒரு போர்வையைப் பார்த்துவிட்டு, பிரான்சில் இருக்கும் மகளுக்கு என்று கேட்டு வாங்கிப்போனார். அங்கே குளிர் உண்டல்லவா? அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கிருந்து வருபவர்கள் பழைய துணி மூட்டையோடு நெரவிக்கு வந்தார்கள். இறந்துபோன தகப்பனாரின் கோட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கல்யாணப் புடவை. எங்கள் தெரு சிரிப்பதை நிறுத்தியது. புதுச்சேரியில் ஒரு கைவினைக் கண்காட்சிக்கும் கூப்பிட்டார்கள். நடத்தியவர்கள் போர்வைக்குக் கீழே 'கிராமியப் பெண்களின் கைவண்ணம்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள், பெயர் இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. அண்ணிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "எம் பேரப் போட்டா போர்வைக்குச் சூடு கூடிடுமா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் தொங்கிய துணிகளைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார்.

இனிமேல் எழுதவேண்டியதுதான் கடினமானது.

அம்மா அண்ணன் வீட்டில் இறந்தார். கடைசி வருடத்தில் அம்மாவின் புடவைகளையெல்லாம் வெட்டி அண்ணி ஒரே போர்வையாகத் தைத்திருந்தார். எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. படித்தவன் வெளியூரில் வேலைக்குப் போனபோது வீட்டில் இருந்தவர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டார் என்பது அப்போது என் எண்ணம். அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றிய உறவினர்களும் இருந்தார்கள். காரியம் முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்த அன்று, "அம்மா புடவையில எனக்குப் பங்கு உண்டுல்ல?" என்று கேட்டேன். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "போர்வையில போயி என்னடா பங்கு கேக்குற?" என்றார். இருவரும் பேசக் கூடாதவற்றையெல்லாம் பேசினோம்.

அண்ணி உள்ளே போய் அந்தப் போர்வையை எடுத்துவந்தார். தரையில் விரித்தார். கத்தரிக்கோலை வைத்து நடுவில் நேராக வெட்டினார். அரக்குப் பட்டும் மாங்காய்க் கரையுமாக நடுவில் இருந்த பெரிய சதுரமும் இரண்டாகப் போயிற்று. என் பாதியை எடுக்கக் கை நீட்டினேன். "இருங்க தம்பி. ஓரம் அடிக்காம குடுத்தா பிரிஞ்சிடும்" என்றார். மெஷினில் உட்கார்ந்து, வெட்டின ஓரம் முழுவதற்கும் பட்டை வைத்துத் தைத்தார். அவர் தைத்து முடிக்கும்வரை உறவினர்கள் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். மடித்துக் கையில் கொடுத்து, "துவைக்கிறப்ப முறுக்கிப் பிழியாதீங்க" என்றார். அதை ஒரு குத்தலாகவே எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

அதன்பிறகு ஒன்பது வருடம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை, அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மினி பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். தொண்டையில் கட்டி என்றும், சிகிச்சை தொடங்கப்போகிறது என்றும் என் மனைவியிடம் சொன்னார். என்னிடம் வேறு விஷயம் சொன்னார். பிரான்சிலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருக்கிறாளாம், போர்வையில் எது தன் அப்பாவின் துணி என்று மறந்துவிட்டதாம். அதனால் இனி ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் வெள்ளைத் துணிச் சீட்டு வைத்து, யாருடையது, எப்போது உடுத்தியது என்று எழுதித் தைக்கவேண்டும். "எங் கையெழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்கும். உங்க கையெழுத்து அச்சு மாதிரி. வியாழக்கெழம வியாழக்கெழம வந்து எழுதிக் குடுங்க தம்பி." பழைய கதையை ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டதும் நெரவிக்குப் போனேன். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விடுவார். நான் கூடத்தில் எழுதுவேன். அண்ணி நடுவில் உட்கார்ந்து தைப்பார். நாலாவது வாரம் என் அலமாரிமேல் கிடந்த பாதிப் போர்வையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டால் மனச்சுமை இறங்கும் என்று நினைத்தேன். அவர் அதை விரித்து, தடவி, முகர்ந்து பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு நாளுகூடப் போத்தலயா? மடிப்புக்கூடக் கலையல. எங்க பாதி பேத்தி போத்திப் போத்தி நஞ்சுபோச்சு. போத்தாத போர்வைக்கா தம்பி அன்னிக்கு அவ்ளோ சண்ட போட்டீங்க?"

இரண்டையும் மறுபடி சேர்த்துத் தைத்துவிடலாமா என்று கேட்டேன். அது வேண்டாம், இது இப்போது முழுப் போர்வைதான் என்றார். எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்திக்கொள்ளவேண்டும், அதற்குமுன் இதற்கும் சீட்டு எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டார். சிக்கல் என்னவென்றால், அம்மாவின் புடவைகளில் பாதி எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணனுக்குத்தான் தெரியும். அண்ணி கொல்லைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: "ஏங்க, இந்தக் கத்திரிப்பூக் கலரு எப்ப எடுத்ததுன்னு கேக்குறாங்க." கொல்லையிலிருந்து பதில் வரும். அதை அவர் என்னிடம் சொல்வார், நான் எழுதுவேன். பத்தடி தூரத்தில் பேசும் அண்ணன் குரல் எனக்குக் கேட்காததுபோல.

ஒரு நாள் தைத்துக்கொண்டே சொன்னார்: "நான் இருக்கறப்பயே நீங்க ரெண்டு பேரும் பேசிடுங்க தம்பி. நான் போனப்பறம் பேசுனா, செத்தவளுக்காகப் பேசுனதா ஆயிடும். அது எனக்கு வேணாம்." அண்ணனிடமும் இதையே சொல்லியிருக்கிறார். நாங்கள் இருவரும் பிடிவாதக்காரர்கள். தகப்பனாரிடமிருந்து எங்களுக்குச் சரிபாதியாகக் கிடைத்த சொத்து அது ஒன்றுதான்.

சிகிச்சையில் அண்ணியின் குரல் போய்விட்டது.

அடுத்து வந்த வியாழக்கிழமை நான் போனபோது, பிரான்சுக்குப் போகவேண்டிய ஒரு போர்வையின் துண்டுகள் கூடம் முழுக்கப் பரப்பிக் கிடந்தன. என் பாதிப் போர்வையில் எழுதவேண்டியது நடுவில் இருந்த அரக்குப் பட்டு மட்டும்தான். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் பட்டம் வாங்கிய அன்று அம்மா கட்டிவந்த புடவை. இருந்தாலும் உறுதி செய்துகொள்ளலாம் என்று, வழக்கம்போல அண்ணியைப் பார்த்துக் கேட்டேன். அவர் கையால் கொல்லைப்பக்கம் காட்டினார். பிறகு ஊசியில் நூல் கோக்கத் திரும்பிக்கொண்டார். கையைத் தட்டி அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. அந்த ஊசிக்கு நூல் கோக்க அவருக்கு அன்று வெகுநேரம் பிடித்தது.

கடைசியில் நான்தான் குரல் கொடுத்தேன். "அண்ணே, இந்த அரக்குப் பட்டு நான் பட்டம் வாங்குன அன்னிக்கு அம்மா கட்டுனதுதான?"

அண்ணன் கொல்லை வாசற்படியில் வந்து நின்றார். "கட்டுனது அம்மாதான். ஆனா புடவ அம்மாவோடது இல்ல."

"நான் பாத்தேனே."

"என்னத்தப் பாத்த? அவ்ளோ பெரிய கூட்டத்துக்குக் கட்டிட்டு வர அம்மாகிட்ட ஏது பட்டு? இவ பொறந்த வீட்டுல போட்ட பட்டுடா அது. இவதான் கட்டிவிட்டு அனுப்புனா. அம்மாவுக்குப் புடிச்சிப்போயி தன் பொட்டியிலயே வச்சிக்கிச்சு. இவ திருப்பிக் கேக்கவே இல்ல."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ எங்கடா சொல்லவுட்ட? அப்பறமும் சொல்லக் கூடாதுன்னு இவதான் சத்தியம் வாங்குனா."

அப்படியென்றால் நான் பங்கு கேட்டு வாங்கிப்போனது அவருடைய புடவை. அதை அவரே வெட்டி, அவரே ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் நான் தலை கவிழ்ந்திருப்பேன். நானும் அண்ணனும் மேலும் ஏதேதோ கேட்டுக்கொண்டோம், சத்தம் போட்டோம். பட்டம் வாங்கிய அன்று மழை பெய்ததா இல்லையா என்பதுவரை சண்டை போனது. திடீரென்று கணுக்காலில் ஓர் அடி விழுந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்தபடி மரஸ்கேலால் எங்கள் இருவர் காலிலும் தட்டிக்கொண்டிருந்தார். பரப்பி வைத்த துண்டுகளின்மேல் இருவரும் ஏறி நின்றுகொண்டிருந்தோம்.

நகர்ந்து நின்றோம். சீட்டில் எழுதினேன்: 'செண்பகவல்லியின் பட்டு. மாமியார் ஒரு நாள் கட்டிப்போனது.' அவரிடம் காட்டிவிட்டு, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். அவர் சீட்டைத்தான் கவனமாகப் படித்தார். பிறகு வாங்கித் தைத்தார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அண்ணன் கொல்லைக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று வேடிக்கை பார்த்த அதே முகங்களில் சிலவும் இருந்தன. அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஒரு பெரியம்மா, செண்பகத்தின் புடவைகளை யார் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாமே என்று தொடங்கினார். அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே எடுத்துக் குடுடா." எனக்குக் கை கூசியது. இருவருமாகப் போய் அவருடைய பீரோவைத் திறந்தோம்.

மேல்தட்டில் இரண்டு புடவைகள் இருந்தன. மற்ற தட்டுகள் முழுக்கச் சதுரமாக வெட்டி, நிறவாரியாக நூலால் கட்டிய துணிக்கட்டுகள். நாற்பது வருடத்துப் புடவைகளில் வேறு ஒன்றுகூட அவர் கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை. கல்யாணப் புடவைகூட ஒரு சிறிய கட்டாக ஓர் ஓரத்தில் இருந்தது. எங்களுக்குப் பங்கு பிரிக்க என்று அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். சாவு வீட்டில் இரண்டு கிழவர்கள் பீரோவுக்குள் தலையை விட்டுச் சிரிப்பதைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று பெரியம்மா ஓடிவந்தார். இரண்டு புடவைகளில் ஒன்றை அண்ணியின் மகளிடமும் ஒன்றைப் பேத்தியிடமும் கொடுத்தோம். பீரோவைப் பூட்டி, சாவியை அண்ணன் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு நாங்கள் இருவரும் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை விஷயத்தில் அவர் சொல்வதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அண்ணி. நாளைக்கும் போய்ப் பேசவேண்டும். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.