தூக்கிய கை

பெரிய லீக் மூன்று முறை வெளியே தள்ளியபின், வெண்டல் டிஸ்டேல் பர்மிங்காம் கோழி ஆலையில் கிடந்தான். போட்டிக்கு முளைத்த புது லீக்தான் அவனை மறுபடி அமெரிக்கன் ஃபுட்பால் ஆடக் கூப்பிட்டது. எதிரணி உயர உதைக்கும் பந்தைப் பிடிப்பது அவன் வேலை. எதிராளிகளை மறிப்பது என் வேலை.

பெரிய லீக்கில் பந்து பிடிப்பவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பிடித்தால் அவனை யாரும் தொடக்கூடாது, ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். டிக்கெட் விற்க ரத்தம் வேண்டுமே. புது முதலாளிகள் அந்தச் சலுகையைப் பிடுங்கிவிட்டார்கள்.

"கையைத் தூக்கின, தொலைஞ்சடா," என்று பயிற்சியாளர் வாரம் முழுக்கக் கத்தினார். வெண்டல் வலது கையை இடுப்பு வாரில் செருகிக்கொண்டே ஓடிப் பழகினான்.

முதல் ஆட்டம், கடைசி நிமிடம், நாங்கள் முன்னணியில். பந்து இறங்கியபோது அவன் கை தானாக மேலே போனது. பாய்ந்து வந்த எதிராளிகள் மூவரும் பெரிய லீக்கில் ஆடியவர்கள். பழக்கத்தில் சட்டென்று நின்றார்கள். வெண்டலும் பிடித்த பந்தை, நடுவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழையபடி புல்லில் வைத்தான். நடுவர் விசில் ஊதவில்லை. மூவரில் ஒருவன் சுதாரித்துப் பந்தை அள்ளிக்கொண்டு எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளி எடுத்தான். தோற்றோம்.

அந்த லீக்கே அந்த வருடத்தைத் தாண்டவில்லை. வெண்டல் ஆட்டம் முடிந்த அன்றைக்கே நீக்கப்பட்டான். உடை மாற்றும் அறையில் தன் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அவனுங்க அடிச்சே போட்டிருக்கலாம்டா," என்றான். "வீட்ல காட்ட ஒரு காயமாவது இருந்திருக்கும்."