டிப்ஸ் வாங்கிய கை

ஓட்டல் வேலையில் சம்பளம் முதலாளி கையில், மரியாதை சாப்பிட்டவர் கையில். என்னைப் போலத் தோளில் துண்டும் கையில் பில்லுமாக நின்றே காலம் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விராலிமலை பைபாஸ் ஓரம் ஒரு சைவ ஓட்டலில் இருபத்திரண்டு வருஷம் சப்ளையராக இருந்தேன். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். மகள் ஜெயந்தி பி.எட். முடித்து டீச்சரானது முழுக்க டிப்ஸ் காசில். அவளுக்கு மாப்பிள்ளை தேடிய சமயத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

முருகனைப் பார்

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பில்லைச் சோம்புத் தட்டில் வைத்ததும் சப்ளையர் ஃபேனைப் பார்க்கலாம், சுவரில் மாட்டிய முருகனைப் பார்க்கலாம். தட்டை மட்டும் பார்க்கக் கூடாது. சாப்பிட்டவர் வாசற்படி தாண்டிய பிறகுதான் கை அந்தப் பக்கம் போகவேண்டும். பார்த்து வாங்கினால் பிச்சை, பார்க்காமல் எடுத்தால் டிப்ஸ்.

ஒரு நாள் காரில் மதுரை போகிற குடும்பம் வந்தது. ஆறு பேர். சாம்பார் மட்டும் நாலு தடவை கேட்டார்கள், பாப்பாவுக்குக் காரமில்லாத சட்னி வேண்டுமென்று அடுப்படிக்கு இரண்டு தடவை ஓடினேன். பெரியவர் இருபது ரூபாய் வைத்துவிட்டு எழுந்தார். நான் சட்டப்படி முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அந்த இருபதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பத்தை வைத்தார். முருகனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவராகவே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க, நாங்க எங்க போனாலும் பத்துதான் வைக்கிறது."

பார்சலுக்குக் கிடையாது

முட்டி தேய்ந்துவிட்டது, இனி நடக்கிற வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பாமல், தொப்பியும் ஏப்ரனும் மாட்டிவிட்டுப் பார்சல் கவுண்டரில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். உட்கார்ந்த அன்றைக்கே டிப்ஸ் நின்றுபோனது. மகளுக்கு ஜாதகம் எடுத்த வாரமும் அதுதான்.

பார்சல் கட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். சாம்பாரைக் கவரில் ஊற்றிக் காற்றை வெளியேற்றிக் கட்ட வேண்டும், மூன்று சட்னியையும் தனித்தனியாக முடிச்சுப் போட வேண்டும், தோசை முறியாமல் இலையில் மடிக்க வேண்டும். ஒழுகினால் என் முகம் ஞாபகம் வரும். ஒழுகாவிட்டால் யாருக்கும் வராது. தெரிந்த வாத்தியார் ஒருவர் பதினாலு பார்சல் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினார். பழகியவர் என்ற உரிமையில், பார்சல்காரனுக்கு ஒன்றும் கிடையாதா சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். கேட்டது தப்புதான். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எலையை நாங்களே போட்டு, நாங்களே பரிமாறி, நாங்களே எடுத்துப் போடுறோம். நியாயமாப் பாத்தா நீங்கதாங்க எங்களுக்கு டிப்ஸ் தரணும்."

செவ்வாய்க்கிழமை ஐயா

பார்சலுக்கு டிப்ஸ் வைத்தவர் என் அனுபவத்தில் ஒரே ஒருவர்தான். இலுப்பூரில் கடலை மண்டி வைத்திருப்பவர் என்று மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை தவறாமல் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு இட்லியும் பொங்கலும் வாங்கிப்போவார். பில் காசைக் கல்லாவில் கட்டிவிட்டு, என்னிடம் வந்து ஐம்பது ரூபாயை நீட்டுவார். அவர் தலை தெரிந்ததும் முட்டி வலியோடு எழுந்து நின்றுவிடுவேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். மனசார மதித்துக் கொடுத்த மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு நாள், எதுக்குங்கய்யா வாரா வாரம் என்று கேட்டபோது சொன்னார்: "இலுப்பூர் போற வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகுனதில்லைங்க. அந்தக் கைக்கு ஒண்ணும் வைக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

நாலு டம்ளர்

மச்சினன் ஒரு வரன் கொண்டுவந்தான். பையனுக்குத் திருச்சியில் கம்பெனி வேலை, வீடு இலுப்பூர். பையனும் அம்மாவும் தாய்மாமனும் வந்து பெண் பார்த்துப் பிடித்துப்போனது. அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருந்ததால் வரவில்லை. பெண்ணின் தகப்பன் ஓட்டலில் இருக்கிறார் என்று மச்சினன் சொல்லியிருந்தான். ஓட்டலில் என்னவாக என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பையனும் ஜெயந்தியும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

பிறகு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். வாசலில் கைகூப்பி வரவேற்றவர் செவ்வாய்க்கிழமை ஐயா. அவருக்கு என்னைத் தெரியவில்லை. தொப்பியும் ஏப்ரனும் இல்லாமல், வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக அவர் என்னைப் பார்த்ததில்லை. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சோபாவில் பக்கத்திலேயே உட்காரவைத்தார். கல்யாணம் முடிகிற வரைக்கும் தெரியாமலே இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. எல்லோரும் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தபோது வலது கை விரல்களில் நாலு டம்ளர் தொங்கியது, இடது கையில் தட்டுகள் அடுக்காக இருந்தன, நான் எழுந்து நின்று அடுப்படி எங்கிட்டு என்று தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஐயா டம்ளரைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

கேட் வரை கூடவே வந்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒங்களை அடையாளம் தெரிஞ்சதும் என் கை பைக்குப் போகுதுங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு ஒங்களோட நான் எப்படிங்க தாம்பூலத் தட்டு மாத்துவேன்?"

ஒரே ஒரு கேள்வி

அந்த இடம் அமையவில்லை என்று என் மனைவிதான் ஜெயந்தியிடம் சொன்னாள். டம்ளர் கதையையும் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். போன் அடிக்கவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நான் காபி குடித்து முடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். கோபமில்லை, அழுகையில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பேப்பரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அன்னைக்கு நீங்க உக்காந்தே இருந்திருக்கலாம்லப்பா?"

அடுத்த செவ்வாய்

இனி அவர் இந்தப் பக்கம் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். அதே இட்லி, அதே பொங்கல். எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தபடி நின்றேன். என்றைக்கும்விட இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஐம்பது ரூபாயை வெளியே எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே இதை ஒங்ககிட்ட நீட்ட எனக்குக் கை வரலீங்க."

சம்பந்தமும் போய், வாராவாரம் வந்த ஐம்பதும் போனாலும், கொடுக்காமல் போன அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் என்னைச் சம்பந்தியாக நடத்தினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னமும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.