வேறு எஞ்சின்

கணவர் இறந்த மூன்றாம் மாதம் சென்னை பாடியிலிருந்து மெக்கானிக் போன் செய்தார். கணவரின் பழைய கார் அந்த மெக்கானிக்கின் ஷெட்டில்தான் நின்றது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே சாலைக்கு வந்த வண்டி. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்த கணவர், அடுத்த வாரமே ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

"அக்கா, அந்த எஞ்சின் இனிமே தேறாது. உள்ள விரிசல் உட்டுக்கீது. வேற வண்டி எஞ்சின் ஒண்ணு கீது, போட்டுரலாம். ஆனா அண்ணன் இருந்தா ஒத்துக்கவே மாட்டாரு."

"போடுங்க" என்றேன். ஆர்.டி.ஓ. அனுமதிக்காக அவர் கொண்டுவந்த காகிதங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வேலை முடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். பழைய எஞ்சின் தரையில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. "இத்த ஊட்டுக்கு எட்த்துனு போறீங்களாக்கா?" என்று கேட்கும்போதே மெக்கானிக் அழுதுவிட்டார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்குப் பசித்தது.

"பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை அம்பத்தூருக்கு ஓட்டி வந்தேன். அப்பாவின் வண்டிச் சத்தத்தை மூன்றாவது மாடியிலிருந்தே கண்டுபிடித்து ஓடிவரும் மகள், நான் போன் செய்த பிறகுதான் இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள்.

"அப்பா வண்டி மாதிரியே இல்லம்மா."

"ஆமா" என்றேன்.

மாங்காடு வரை போய்த் திரும்பினோம். கிளட்ச் லேசாக இருந்தது.