கண்டக்டர் சொன்ன ஹவ்

அப்சல்கஞ்சில் பஸ் நகர்ந்துவிட்டது. வீடு திரும்பும் பஸ்ஸில் இடம் பிடிக்க முந்தி ஏறிய நான் உள்ளே இருக்கிறேன், கவிதா கீழே நிற்கிறாள். மலேசியாவிலிருந்து இங்கே படிக்க வந்த பெண், மெட்டுகுடாவில் எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். தெலுங்கு, இந்தி எதுவும் தெரியாது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் இந்த ஊர்ப் பேச்செல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பெருமையில்தான் சார்மினார் காட்ட நானே கூட்டி வந்தேன். திருட்டுப் போகுமென்று அவள் போனையும் என் பையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

“ஆபு, ஆபு! நிறுத்துங்க, பொண்ணு கீழ நிக்குது!” தெலுங்கும் தமிழுமாகக் கத்துகிறேன். ஆட்டோக்கள் மறைக்கின்றன. அவளுடைய பச்சைத் துப்பட்டா கண்ணில் படவில்லை.

கண்டக்டர் விசில் ஊத, பஸ் நிற்கிறது. “சிகந்திராபாத் போகுமான்னு கேட்டுச்சு, ‘ஹவ்’னு சொன்னேன். ஏறாம நின்னா நான் என்னம்மா பண்றது?” என்கிறார் தெலுங்கில்.

கவிதா மூச்சிரைக்க ஓடிவந்து ஏறுகிறாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அவரு ‘ஹவ்’னாரு ஆன்ட்டி. எப்படின்னு இங்கிலீஷ்ல கேக்குறாருன்னு நெனச்சேன். எப்படிப் போறதுன்னு எனக்கு எப்படி லா தெரியும்?”

“அடியே, இங்க ஹவ்னா ஆமாம்டி!”

கண்டக்டர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து அவள் கையில் திணிக்கிறேன்.

“அடுத்த ஞாயிறு கோல்கொண்டா போலாமா, ஆன்ட்டி?” மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்கிறாள்.

“போலாம். நீ ஏறின பிறகுதான் நான் ஏறுவேன்.”