மேடத்த ரெண்டு தடவ மிதிக்கச் சொல்லுங்க

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கிருத்திகை நாள் காலையில், திருத்தணி மலைப்பாதையில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை, கோபம்தான்.

எங்களுக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறித் தொழில். மாமனார் வாங்கிய பழைய அம்பாசிடர் ஒன்று வீட்டில் இருக்கிறது. சேலைக் கட்டும் அதில்தான் போகும், கல்யாணம் காட்சிக்கும் அதில்தான் போவோம். என் கணவருக்கு பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். காரை ஓட்டுவது நான்.

அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதியை அழுத்தினால் எண்ணெயைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு வழிதான் இருக்கும். எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் மொத்தமாகப் பிரேக் போய்விடும். பிறகு வந்த வண்டிகளில் முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். நம் வண்டிக்கும் அப்படி ஒன்றைப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்ததே நான்தான்.

திருத்தணியில் ஒரு மெக்கானிக். பழைய வண்டி என்றால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் என்ன கேட்டாலும் பதில் என் கணவரைப் பார்த்துத்தான் வரும். கேட்டது ஒரு வாய், பதில் போவது வேறு காதுக்கு. முதலில் சிரிப்பாக இருந்தது, போகப்போக எரிச்சலாகிவிட்டது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனோம். பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தேன். முதல் மிதியில் கால் அப்படியே அடிவரைக்கும் இறங்கிப்போனது, வண்டி நிற்கவில்லை. காலை எடுத்து மறுபடி மிதித்தபோதுதான் பிடித்தது. இறங்கி வந்து அதைச் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னார்: “புது சிலிண்டரு சார், செட்டாவ கொஞ்ச நாளாவும். அதுவரைக்கும் மேடத்த ரெண்டு தடவ மிதிக்கச் சொல்லுங்க.”

நான் அங்கேயேதான் நிற்கிறேன், கைக்கெட்டும் தூரத்தில். ரெண்டு தடவை மிதிக்க வேண்டுமாம். எதிரில் வருகிறவன் நான் இரண்டாவது முறை மிதிக்கும் வரைக்கும் நின்று தருவானா? அதையும் கேட்டேன். இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். “நைனா காலத்துலேர்ந்து அவருதான் இந்த வண்டிய பாத்துகினு இருக்காரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போவுது?” என்றார் என் கணவர்.

இதில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பெரிய வேலை எதைச் செய்தாலும், மலைக்கு எடுத்துப்போய் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டால்தான் மனசு ஆறும். மறுநாள் கிருத்திகை. “மலைக்குப் போயி பூஜ போட்டுனு வந்துடலாம், எல்லாம் சரியாப்பூடும்” என்றார் என் கணவர். பிரேக் சரியில்லாத வண்டியை, பிரேக் சரியாக வேண்டுமென்று மலை மேல் ஏற்றுகிற புத்தி வேறு எந்த ஊரில் உண்டு?

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பூஜையும் நன்றாகவே நடந்தது. இறங்கும்போது கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது கியரில், ரெண்டு ரெண்டு தடவையாக மிதித்தபடி, மெதுவாகத்தான் இறக்கினேன். ஒரு வளைவு திரும்பியதும் நேர் எதிரே காவடி தூக்கிய ஒருவர். தோளில் காவடியோடு, குனிந்த தலையுடன், தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மிதித்தேன். கால் கீழே போய்விட்டது. மறுபடி மிதிக்கக் காலைத் தூக்கியபோது சேலைக் கொசுவம் மிதியில் மாட்டிக்கொண்டது.

கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கை மலையோரச் சுவர்ப் பக்கமாக ஒடித்தேன். சுவரில் உரசிக்கொண்டே போய் வண்டி நின்றது. காவடியின் மயிலிறகு பானெட்டைத் தொட்டது. அவ்வளவுதான் இடைவெளி. அவர் நிமிர்ந்து பார்த்தார். “பாத்து வாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்.

கூட்டத்தில் ஒருவர், “பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்டித்தான்” என்றார். என் கணவர் இறங்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டு, “முருகன் காப்பாத்துனாரு” என்றார். காப்பாற்றினார், நானும் கும்பிட்டேன். ஆனால் முருகன் வந்து காப்பாற்ற வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது யார்? அதை யாரும் கேட்கவில்லை.

முதல் கியரில், கைப்பிரேக்கைப் பிடித்தபடியே ஊர்ந்து இறங்கி, நேராகப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் நடந்ததைக் கேட்டுவிட்டு, “மேடம் பயத்துல பாதிதான் மிதிச்சிருப்பாங்க சார்” என்றார். தானே ஏறி ஒரு வட்டம் போய் வந்தார். வண்டி அழகாக நின்றது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

“இன்னொரு தடவ போங்க, நானும் வரேன்” என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டக், டக். பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அவர் கால் இரண்டு தடவை மிதித்தது. பழைய வண்டிகளோடேயே பழகிய கால், அதுவாகவே அப்படிச் செய்கிறது.

“ரெண்டு தடவ மிதிக்கிறீங்க.”

“இல்லீங்க, ஒண்ணுதான்.” பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை.

“அப்போ பட்டறைக்குள்ள மெதுவா போங்க. ஒரே மிதி. கால எடுக்காதீங்க.”

மிதித்தார். அழுத்திய காலை எடுக்கவில்லை. வண்டி நிற்காமல் உருண்டுபோய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதியது. மேலே இருந்த இரண்டு டயர்கள் பானெட்டில் விழுந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கை விடவே இல்லை.

பிறகு உண்மை வந்தது. அவர் மாட்டியது டிஸ்க் பிரேக் வண்டியின் சிலிண்டர். டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும்; அதைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு இதில் இல்லை. அதனால் முதல் மிதி எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே சரியாகிவிடும், இரண்டாவது மிதியில்தான் பிரேக் பிடிக்கும். “போல்ட் ஓட்டையெல்லாம் கரெக்டா உக்காந்துச்சு, அதான் மாட்டிட்டேன்” என்றார். ஓட்டை பொருந்தினால் போதுமா?

இறங்கி நேராக என் கணவரிடம் போய், “சார், மேடம் சொன்னது கரெக்டு. வேற மாத்திக் குடுத்துடறேன்” என்றார். இவ்வளவும் நடந்த பிறகும் அவரிடம்தான். எனக்கு மலையில் வந்ததைவிட இப்போது அதிகமாகக் கோபம் வந்தது.

“ஓட்டுறது நான். என்கிட்ட சொல்லுங்க” என்றேன். குரல் பெரிதாகவே வந்துவிட்டது, பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவர் என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கி, அதையே எனக்கும் சொன்னார்.

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் கணவர் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பிறகு, “நீ மொதல்லயே சொன்ன” என்றார்.

“ஆங், சொன்னேன்” என்றேன். அதற்கு மேல் பேசினால் பஸ்ஸிலேயே சண்டை வந்திருக்கும்.

சரியான சிலிண்டர் மாட்டி, வண்டி இப்போது ஒரே மிதியில் நிற்கிறது. இன்றும் எந்தக் கடையிலும், எந்தப் பட்டறையிலும், பதில் என் முகத்தைப் பார்த்து வரும் வரைக்கும் நான் இடத்தை விட்டு நகர்வதில்லை. வாயாடி என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்பது என் மரியாதைக்காக மட்டும் இல்லை. அன்று என் பேச்சைக் காதில் வாங்காததற்கு உயிரைக் கொடுக்க இருந்தவர், எங்கள் மூவரில் யாரையும் தெரியாமல் காவடியோடு மலை ஏறிக்கொண்டிருந்த ஒரு மனிதர்.