முன்பலகை இருந்த இடம்

நாங்கள் மூவரும் சேர்ந்திருப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் கணவர் கிளம்பும்போது மகள் எழுந்திருக்க மாட்டாள். திரும்பி வந்தாலும் அவர் லேப்டாப்போடுதான் இருப்பார். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு, மலையாளம் கலந்து பேசும் இந்த வலியசாலையில் பேச்சுத்துணை என்று இன்னும் யாரும் அமையவில்லை. அதனாலோ என்னவோ, அவருடைய சின்ன அலுமினியப் படகின் முன்பலகையை என் இடமாகவே நினைத்திருந்தேன். வெள்ளாயணிக் காயலில் கரையை ஒட்டி அவர் துடுப்புப் போடுவார். லைஃப் ஜாக்கெட் மாட்டிய மகளை இறுக்கிப் பிடித்தபடி, அவரைப் பார்த்து நான் உட்கார்ந்திருப்பேன். வாரம் முழுக்கப் பேசாததை எல்லாம் அங்கேதான் பேசுவார்.

மழைக்காலம் முடிந்ததும், முன்பலகையை மூடி ஒரு மேடை போடப்போவதாகச் சொன்னார்.

"டெக் போட்டா நின்னு தூண்டில் வீசலாம், கேட்டியா. இருந்துகிட்டு வீசினா வரால் கிடக்க இடத்துக்கு எட்டாது."

"அப்போ நாங்க எங்க உக்கார?"

"பின்னால இடம் இருக்கில்லா."

மேலும் கேட்டிருக்கலாம். அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு இது என்று விட்டுவிட்டேன்.

கார் நிறுத்தும் இடத்தில் பழைய டயர்கள்மேல் படகை ஏற்றினோம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து நான் முனைக்குள் பிடித்துக்கொள்ள, அவர் வளைவைப் பென்சிலால் வரைந்தார். அந்த அட்டையைச் சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் அதே வடிவில் பிளைவுட் வெட்டி வந்தார். விளிம்பின் உயரத்துக்கே பலகையை வைத்து ரிவெட் அடித்தார்.

"இவ்வளவு உயரம் வேணுமா?"

"அடியில பெட்டி வைக்கலாம். பாரு, ஆடுதா?" மேலே ஏறிக் குதித்துக் காட்டினார். டயர்மேல் இருந்த படகு ஆடவில்லை.

அடுத்த ஞாயிறு காயலில் அவர் மேடைமேல் ஏறி நின்றதும் முனை தாழ்ந்து, படகு பக்கவாட்டில் உருண்டது. சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து சமாளித்தார். "நீ மோளையும் எடுத்துட்டுப் பின்கடைசில இரு." இருந்தேன். முனை மெல்ல உயர்ந்தது. "இப்போ கரெக்ட். அனங்காதே."

அசையாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகுதான். வெகுநேரம் கழித்து மகள் என் காதில் கேட்டாள், "அம்மா, அப்பா நம்மகூட பிணக்கமா?"

"இல்லம்மா. அப்பா மீன் பிடிக்காங்க."

அடுத்த வாரம் அவர் பெரிய பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் நிரப்பிப் படகின் பின்பக்கம் கட்டினார். "வெயிட்டுக்கு இது போதும். இனி நீங்க ரெண்டுபேரும் வெயில்ல வந்து கஷ்டப்பட வேண்டாம். உனக்கும் தண்ணின்னா பேடிதானே."

என்மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார். தண்ணீரைக் கண்டால் பயம் என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பயந்துகொண்டேதான் வர ஆசை என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குள் படகை இழுத்துக்கொண்டு கார் கிளம்பிவிட்டது.

அந்த ஞாயிறு சட்னிக்குத் தேங்காய் துருவும்போது, படகு சாய்ந்தால் கேன்கள் ஒரு பக்கமாக நழுவாதா என்று தோன்றியது. தோன்றிய பிறகு துருவ முடியவில்லை. கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று மெசேஜ் அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.